ஏழாவது படி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். அளவு விஷயத்தில் யாரும் என்னிடம் வாலாட்ட முடியாது. அந்தத் திமிர் தலைக்கேறியிருந்த எண்பதுகளின் கடைசியில்தான் என் தங்கைக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது.

கோவில்பதாகையில் வாடகை வீடு. அப்பா, அம்மா போன பிறகு நானும் அவளும்தான். அவள் வாலிபால் ஆடுவாள். தை மாதம் ஆவடி ஃபேக்டரியில் விளையாட்டுக் கோட்டாவுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அவளுக்கு நிச்சயம் என்று கோச்சே சொல்லியிருந்தார். பந்துக்கு எம்பியவள் கால் பிசகி விழுந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "வலிச்சாலும் ஊனி நடக்கணும். கால்ல பாரம் ஏறலேன்னா எலும்பு கரைஞ்சிடும்." பிறகு என் வேலையை விசாரித்துவிட்டு, அலுமினியத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு செய்து தர முடியுமா என்று கேட்டார். இரண்டு முட்டிக்கும் நடுவில் அதை வைத்து எக்ஸ்ரே எடுத்தால், கனமான படி வெள்ளையாகவும் மெல்லிய படி கறுப்பாகவும் விழுமாம். எலும்பின் வெண்மை எந்தப் படியோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமாம்.

பத்துப் படி; முதல் படி மெல்லியது, பத்தாவது கனமானது. மில்லிங் மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். முதல் படத்தில் நல்ல கால் ஏழாவது படி, அடிபட்ட கால் ஆறு. "பரவாயில்லை, ஏறிடும்" என்றார் டாக்டர்.

ஏறவில்லை. வீட்டில் முதல் அடி வைத்ததுமே அவள் அலறிய அலறலை என்னால் தாங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டேன். குளிக்க, சாப்பிட, வாசலில் உட்கார, எல்லாவற்றுக்கும் தூக்கினேன். கிழிந்தது ஒட்ட வேண்டாமா, டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். "கொஞ்சம் நடக்க வுடேன் நைனா, இன்னா ஆயிடப் போவுது?" என்று அவர் கேட்டதற்கு, "உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த படம். அடிபட்ட கால் நாலாவது படியில் நின்றது.

"தினம் நடக்கிறியாம்மா?"

"நடக்குறேன் சார். காலையில, சாயங்காலம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். வேறு ஏதாவது நோயோ என்று அவள் கையில் ரத்தம் எடுக்கச் சொன்னார். கடைசியில் அலுமினியத் துண்டைப் புரட்டிப் பார்த்து, "அளவு எங்கேயாவது தப்பியிருக்குமோ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என் அளவு தப்பாது சார்" என்று வெடுக்கெனச் சொல்லி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பட்டறையில் மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொரு படியாக அளந்தேன். பத்தும் சரியாக இருந்தன. ஒரு படியாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் அவளைத் தூக்கவில்லை. "நட" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய்த் திரும்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. தைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஆள் எடுக்கும் நாள் வந்தது, போனது. அதன் பிறகு அவள் எவ்வளவோ நடந்தாள். ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்திலும் ஐந்தாவது படியைத் தாண்டவில்லை. பந்தைத் தொடவே இல்லை.

அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பும்போதுதான் கேட்டேன், அன்றைக்கு டாக்டரிடம் ஏன் பொய் சொன்னாய் என்று.

"இல்லேன்னா உன்னைத் திட்டியிருப்பாரேண்ணே" என்றாள்.