மூன்று நாள் ஆட்டம்

என் பிள்ளைகள் இருவரும் விளையாட்டுப் பைத்தியங்கள். ஆனால் ஒரே விளையாட்டு அல்ல. மகள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். அவளோடு சேர்ந்து கோட்டையைப் பிடிக்கிற நான்கு பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நண்பர்களை உட்கார வைப்பான். ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்லி, இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். எது உசத்தி என்று அக்காளுக்கும் தம்பிக்கும் ஓயாத சண்டை. தன் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது என்று மகன் எனக்கு ஒரு நாள் விளக்கினான். எண்பதுகளில் தென்காசியில் நான் அதை ஆடியிருக்கிறேன் என்றேன். அவன் சிரித்தான்.

பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. பெரியப்பாவின் மகள், என் அக்கா, பத்தொன்பது வயதுப் பெண். அவள் தம்பி, எனக்கு அண்ணன், பத்து வயது. அக்காவை விடிந்தது முதல் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மாதத்தில் மூன்று நாள் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் கிணற்றை ஒட்டிய பின்கட்டு அறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளரோடு இருப்பாள். அவள் எதையும் தொடக்கூடாது. அவளையும் யாரும் தொடக்கூடாது. அவளைக் காக்கா தொட்டுவிட்டது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. காக்கா ஏன் அப்பாவைத் தொடுவதே இல்லை என்று ஒரு முறை கேட்டு, பெரியம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

தாயக்கட்டையையோ சோழியையோ அக்கா தொட முடியாது என்பதால்தான் அந்த ஆட்டம் பிறந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நாங்கள். அவள் கதை சொல்லுவாள். நடுவில் நிறுத்தி, "இப்போ நீ என்னட்டி செய்யுத?" என்பாள். நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெளுக்கும்வரை கல்லில் உரசி வைத்திருந்தோம். அவற்றை நான் குலுக்கிப் போட வேண்டும். நான்கு வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்று விழுந்தால் பாதி நடக்கும். அதற்குக் குறைந்தால் ஆபத்து. ஆறும் கறுப்பாக விழுந்தால் ஆள் செத்தான். மறுபடி போட முடியாது.

நான் ஏழு வேர்கள் கொண்ட பை வைத்திருந்த வைத்தியச்சி. அண்ணன் ஒரு சிப்பாய். மலையில் காணாமல் போன ராஜாவின் வெள்ளைக் குதிரையைத் தேடிப் போனோம். புளியறைச் செக்போஸ்டில் ஒரு அரக்கன் நின்றான். அவன் இதுவரை கேட்காத ஒரு பொய்யைச் சொன்னால்தான் வழி விடுவான். அண்ணன், கணக்குப் பரீட்சையில் தான் முதல் மார்க் என்றான். அரக்கன் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கொட்டை போடச் சொல்லாமலே கேட்டைத் திறந்துவிட்டான்.

செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதையில் கரடி வந்தது. அண்ணன் போட்ட ஆறும் கறுப்பு. அழுகுணி ஆட்டம் என்று அவன் கத்தினான். அக்கா அசையவில்லை. "போட்டது போட்டதுதாம்லே" என்றாள். அன்று அவன் இட்லியைத் தொடவில்லை. மறுநாள் செத்த சிப்பாயின் தம்பியாக வந்து சேர்ந்துகொண்டான்.

நாலாம் நாள் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கதை நின்ற இடத்தில் நிற்கும். என் மகளின் விளையாட்டு அவள் தூங்கும்போதும் எங்கோ நடந்துகொண்டே இருக்கிறது. எங்களுடையது எங்களுக்காகக் காத்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம், அடுத்த முறை அக்கா கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் யோசனை. எத்தனை நாள் பாக்கி என்று தெரிவதற்காகத் தினக்காலண்டரின் அட்டையில் பென்சிலால் புள்ளி வைத்து வந்தேன். புள்ளிகள் எதற்கு என்று தெரிந்ததும் அம்மா முகம் சிவந்து, ரப்பர் வைத்து எல்லாவற்றையும் அழித்தாள்.

நாங்கள் தேனருவிக்கு மேலே ஒரு குகை வாசலை அடைந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு வீரகேரளம்புதூர். நல்ல நாள் பெரிய நாளுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள். அந்த நாட்களில் ஒரு முறைகூடக் காக்கா அவளைத் தொடவில்லை. குகைக்குள் குதிரை கனைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வருஷம் சாரல் சமயத்தில் அக்கா வந்தாள். இந்த முறை ஒரு மாதம் இருப்பாள் என்றார்கள். வீடே மெதுவாகப் பேசியது. பெரியம்மா அவளைக் குடம் தூக்க விடவில்லை. அக்கா மேல் ஓடிப்போய் விழாதே என்று அம்மா என்னை அதட்டினாள். அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது என்பதும், கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை என்பதும் எல்லாருக்கும் தெரியும். பத்து வயதான எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு வேண்டுதலுக்காக எல்லாரும் குற்றாலம் போனோம். அருவிக்குப் போகிற வழியில், பழக்கடைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் வீடியோ கேம் வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர். அண்ணன் செத்துச் செத்து எழுந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் ஒரு முறை கொடுத்தான். திரையில் ஒரு பூதம் இறங்கி வந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னைக் குனிந்து பார்த்தார். "சுடுததுக்குத்தான் பொத்தான் இருக்கு பாப்பா" என்றார்.

நான் அருவிக்கரைக்கு ஓடினேன். எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் அருவிக்கு அடியில் போக விடாமல், காய்ந்த துணிகளுக்குக் காவலாகப் படியில் உட்கார வைத்திருந்தாள் பெரியம்மா. ஆடலாமா என்று கேட்டேன்.

"அது பின்கட்டுல இருந்தாத்தான் வரும்ட்டி."

"அப்போ எப்போக்கா அங்கன இருப்ப?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கன போகாமலே இருக்கணும்னு சாமிட்ட சொல்லுட்டி" என்றாள்.

அவளுக்கு ஆட்டம் மறந்துவிட்டது, அல்லது என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. எதுவானாலும் நானே சரிசெய்ய வேண்டும். மறுநாளிலிருந்து, சாப்பாட்டுக்கு முன் காக்காவுக்குச் சோறு வைக்கிற வேலையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா வழக்கமாக வைப்பது வாசல் பக்கத்து மதிலில். நான் அக்கா துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், கிணற்றுச் சுவரில் வைத்தேன். நெய்யும் விட்டேன். காக்காக்கள் வந்தன. அக்கா தலையைத் தாழ்த்தி அவற்றுக்கு நடுவே நடந்துபோவாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் காக்காவிடம் கெஞ்சுவேன்.

ஆறாம் நாள் காலையில் பின்கட்டு அறையில் பாய் விரித்திருந்தது.

அடுப்படியில் பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் படிக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நாந்தான் காக்காவக் கூப்பிட்டேன். அஞ்சு நாளாச் சோறு வச்சேன்."

அக்கா திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நீயாட்டி வச்ச?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சரி. எங்கன விட்டோம்?"

குகை வாசலில் என்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள். குரல் முதலில் தடுமாறியது. பிறகு பழையபடி வந்தது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கை நீட்டினால் கை தெரியாத இருட்டு. என் கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. குதிரை. அதன் பிடரியைப் பிடிக்க வேண்டும். நான் கொட்டைகளைக் குலுக்கிப் போட்டேன்.

ஆறும் கறுப்பு.

என் வைத்தியச்சி செத்துப்போனாள். மூன்று வருஷம் அவளோடு நடந்திருக்கிறேன். ஆனால் அண்ணனைப் போல நான் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா முன்னால் குனிந்து, ஆறு கொட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள்.

"போட்டது போட்டதுதாங்க்கா. நீதான சொல்லுவ."

"இல்லட்டி. இன்னொரு தடவ போடலாம். போடு."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அப்போது அவள் கை படியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, கொட்டைகளைத் தானே எடுத்துப் போட. நான் சட்டென்று அத்தனையையும் வாரி மடியில் போட்டுக்கொண்டேன். தொடக்கூடாது என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஆமா என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை. ஆனால் அன்று எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. சாயங்காலம் அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக அவனிடம் சொன்னேன்: என் வைத்தியச்சி செத்துப்போனாள், நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை, அக்காதான் கள்ள ஆட்டம் ஆடப் பார்த்தாள், நான் விடவில்லை.