வலப்பக்கத்து விளக்கு

அந்த வீட்டில் எதையும் துடைக்கக் கூடாது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. விளங்கிய பிறகும் துடைத்தேன். துடைத்ததை விடப் பெரிய பிழை அதற்குப் பிறகு செய்தது. இரண்டையும் எழுதிவிட வேண்டும்.

லண்டனில் லூயிஷாமிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, ஏற்றத்தில் கொஞ்சம் நடந்தால் அந்த வீடு வரும். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு மர வியாபாரி கட்டிய மூன்று மாடி வீடு. அவருடைய வம்சத்தில் கடைசியாக இருந்த கிழவி ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றாமல் வாழ்ந்து, வீட்டை அப்படியே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். இப்போது அது அருங்காட்சியகம். சனி, ஞாயிறில் ஆட்கள் பார்க்க வருவார்கள். மற்ற நாட்களில் எங்களைப் போன்ற தொண்டர்கள் பராமரிப்பு வேலை செய்வோம்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் முதியோர் சங்கத்துப் பெண்மணி ஒருவர். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், கணவரை இழந்து தனியே ஓர் அடுக்குமாடி பிளாற்றில் இருந்தவர். லண்டன் ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதால் சங்கத்தில் எல்லாருக்கும் அவர் 'மிஸி'. எங்கள் ஊர் வழக்கம் அது. நான் ரீவிச் செய்தியோடு சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதாக என் மனைவி அவரிடம் முறையிட்டிருக்கிறாள். "அண்ணையை என்னோட விடுங்கோ அக்கா, அங்க ஒருதரும் சத்தம் போடேலாது" என்றாராம் மிஸி.

சத்தம் மட்டுமல்ல, அங்கே ஒன்றுமே செய்ய முடியாது. நான் இலங்கையில் பாலங்கள் கட்டிய பொறியியலாளன். இங்கே வந்து கவுன்சிலில் தெருக்கள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தந்த வேலை, கம்பளத்தை அரிக்கும் அந்துப்பூச்சியை எண்ணுவது. கம்பளங்களின் ஓரத்தில் பசை தடவிய சின்ன அட்டைப்பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு கிழமையும் அவற்றில் எத்தனை பூச்சி ஒட்டியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வெயில் படாமல் யன்னல் திரைகளை இறக்க வேண்டும். பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். மாடிப்படிக்குப் பூச வேண்டிய பழுப்பு எந்தப் பழுப்பு என்பதில் இரண்டு கட்சி இருந்தது. கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்துப் பேசினார்கள். இன்றுவரை அந்தப் படிக்குப் பெயின்ற் அடிக்கவில்லை.

உலோகப் பொருள்கள் மிஸியின் பொறுப்பு. சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு சிறிய அறை, அதன் சாவி அவரிடம். கரண்டி, கைபிடி, பூட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய தூரிகையாலும் பஞ்சாலும் தூசு தட்டுவார். அதற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

முன் அறையில் கணப்பு அடுப்புக்கு இரு பக்கமும் சுவரில் இரண்டு பித்தளைக் காஸ் விளக்குகள் இருந்தன. கறுப்பும் பழுப்புமாக, அடுப்புச் சட்டியின் அடிபோல. அவற்றை ஏன் துடைப்பதில்லை என்று மிஸியிடம் கேட்டேன்.

"அது ஊத்தையோ பூச்சோ எண்டு ஒருதருக்கும் தெரியாது அண்ணை. தெரிஞ்ச ஆள் வந்து பாக்கோணும்."

"எப்ப வருவார்?"

"காசு கிடைச்சாப் பிறகு."

"காசு எப்ப கிடைக்கும்?"

"அண்ணை, போய்ப் பூச்சியை எண்ணுங்கோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று பார்க்க வந்தது. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் பக்கத்தில் வந்து, விளக்குகளைக் காட்டி, "ஏன் சார், இத யாரும் தொடைக்கவே மாட்டாங்களா? டிக்கெட்டுக்குக் காசெல்லாம் வாங்குறாங்களே" என்றார். எனக்கு என் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைவு.

அடுத்த நாள் காலை மனைவியிடம் ஓர் உருண்டை புளி கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"அங்க ஒரு விளக்கு மினுக்க."

"இஞ்ச சாமியறையில குத்துவிளக்கு பாசி பிடிச்சுக் கிடக்குது. அதை மினுக்கச் சொன்னா உங்களுக்கு இடுப்பு நோகுது. வெள்ளைக்காரன்ர விளக்கெண்டா நோகாதோ?"

சொல்லிச் சொல்லித்தான் புளியைப் பொலித்தீன் பையில் சுற்றித் தந்தாள்.

அன்று பின்னேரம் மிஸி தன் வேலையை முடித்துப் போன பிறகு, முன் அறையில் தனியே நின்று வலப்பக்கத்து விளக்கில் புளியைத் தேய்த்தேன். பழுப்பு கரைந்து என் விரல்களில் வழிந்தது. அடியில் மஞ்சள் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் பொன் போல மினுங்கியது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு என் கையால் ஒரு வேலை முடிந்திருந்தது. இடப்பக்கத்து விளக்கை அப்படியே விட்டேன். வித்தியாசத்தை எல்லாரும் பார்க்கட்டும், பிறகு அவர்களே மற்றதையும் செய்யச் சொல்லிக் கேட்பார்கள் என்று எண்ணினேன்.

மறுநாள் காலை, பாராட்டு வாங்குவதற்காகவே வெள்ளனப் போய் அந்த அறையில் பூச்சிப் பெட்டியோடு குந்தியிருந்தேன். வீட்டுப் பொறுப்பாளர், ஓர் ஆங்கிலப் பெண், கதவைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு, யாரும் உட்காரக் கூடாதென்று கயிறு கட்டியிருந்த நாற்காலியில், கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுப் பதில் சொல்லியிருப்பேன். அவர் மிக மெல்லிய குரலில், "இதை யார் செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் இப்போதுதான் உள்ளே வந்தேன்" என்றேன்.

காசு இல்லையென்று வராமல் இருந்த நிபுணர் இதற்காக உடனே வந்தார். அது ஊத்தை இல்லை. விளக்கைச் செய்தவர்களே பூசிய பழுப்பு மெருகு. அந்தக் காலத்துப் பாணி அது. அப்படி மெருகு அழியாத சோடி கிடைப்பது அரிது என்றார். இனிப் புதிதாகப் பூசலாம், ஆனால் அது வெறும் பூச்சுத்தான், பழைய மெருகு ஆகாது. பேசிக்கொண்டே, விளக்கின் பூ வேலைப்பாட்டின் இடுக்கில் இருந்து ஒரு நாரைக் கிளறி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். இது என்ன என்று எல்லாரையும் கேட்டார். மிஸி கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, "புளி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று அந்தச் சிறிய அறையில் மிஸி என்னைப் பார்த்துக் கேட்டார், பாதிச் சிரிப்போடு: "அண்ணை, நீங்களோ?"

அந்தக் கேள்விக்கு, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'ஓம்' போதும்: ஓர் எழுத்தும் ஒரு புள்ளியெழுத்தும்.

"வீட்டில ஒரு கோப்பை கழுவாதவன் நான், மிஸி" என்றேன்.

"அதெண்டா உண்மை. அக்காவைக் கேட்டாத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான்தான்."

"என்ன விசர்க் கதை?"

"அண்டைக்கு இஞ்ச வரமுதல் தமிழ்க்கடைக்குப் போயிட்டு வந்தனான். பையில புளி இருந்தது. சின்னனில பெருநாளுக்கு முதல் கோயில் மெழுகுதிரித் தண்டெல்லாம் நாங்கள் புளி போட்டுத்தான் மினுக்கிறனாங்கள். கை தன்ர பாட்டில செய்திருக்கும் போல. எனக்கு ஞாபகம் இல்லை அண்ணை. கொஞ்சமும் ஞாபகம் இல்லை."

செய்யாத ஒன்று எப்படி ஞாபகம் வரும்? அதைச் சொல்ல என்னால் மட்டும்தான் முடிந்திருக்கும். நான் பூச்சிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பயம் என்ன என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே போகச் சொல்வார்கள் என்ற பயம் இல்லை. அந்தப் பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். அந்தப் பார்வை மிஸிக்குக் கிடைத்தது. அவர் தானாகவே போய், 'நான்தான் செய்திருக்க வேண்டும், நினைவில்லை' என்று சொல்ல, அவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாசலில் இருந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலை கொடுத்தார்கள். இரண்டு வாரம் இருந்தார். பிறகு வரவில்லை.

ஒரு வாழ்நாள் முழுக்க மருந்தை அளந்து கொடுத்த மனுசி. ஒரு தரமும் தவறவிடாத தன் ஞாபகத்தில் அவருக்குப் பெருமை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு செவ்வாயும் போய்ப் பூச்சி எண்ணினேன். கூட்டங்களில் எரிச்சல்பட்டேன். மாடிப்படிப் பழுப்புக்காக வாதாடினேன். யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான்.

நானாக மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் சங்கத்திலிருந்து வந்த மனைவி கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸி பிளாற்றைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் குடுக்கப் போறாவாம். சவுத்தாலில மகனோட போய் இருக்கப் போறாவாம். தனக்கு மறதி வந்திட்டுதாம். அடுப்பை மூட்டவே பயமாம், கடையில வாங்கின பாணைத் திண்டிட்டுப் படுக்கிறாவாம். என்ன மறந்தனீங்கள் எண்டு கேட்டன். புளி போட்டு விளக்கு மினுக்கினதை எண்டா."

நான் பேப்பரை மடித்தேன்.

"அந்தப் புளி ஆரின்ர குசினியில இருந்து போனது?"

"இஞ்சரும், நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? அவ செத்தாப் பிறகோ? அந்த மனுசி தனக்கு மண்டை பழுதாப்போச்செண்டு அழுகுது. நீங்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள். எழும்புங்கோ."

முதலில் பொறுப்பாளரிடம் போனேன். கேட்டுவிட்டு, சொன்னதற்கு நன்றி என்றார். நல்ல நோக்கத்தோடு செய்த தவறு என்றார். பயிற்சி வகுப்பு ஒன்று வருகிறது, அதில் சேரலாமே என்றார். பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். திட்டமாட்டாரா என்று இருந்தது. மிஸியின் சாவியைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "நிச்சயமாக, அவருக்கு விருப்பமென்றால்" என்றார்.

பிறகு மனைவியும் நானுமாக மிஸியின் பிளாற்றுக்குப் போனோம். முன் ஹோலில் பெட்டிகள் கட்டி அடுக்கிக் கிடந்தன. நான் நின்றபடியே சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அக்கா சொல்லச் சொன்னவவோ? நீங்கள் ரெண்டு பேரும் நல்ல மனுசர். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்."

"பொய்யில்லை மிஸி. நான்தான்."

"ஆம்பிளையள் புளி போட்டு மினுக்குவினமோ?"

"என்ர கையால உருட்டிக் குடுத்தனான், பிள்ளை" என்றாள் என் மனைவி. "வாயும் காட்டினனான், வெள்ளைக்காரன்ர விளக்குக்கு இடுப்பு நோகாதோ எண்டு."

அதற்குப் பிறகுதான் மிஸி என்னைப் பார்த்தார். "நான் கேட்டனான்" என்றார். "உங்களைத்தான் முதல் கேட்டனான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"இப்ப சொல்லி? போன மாசம் குசினிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டன். கீழ்வீட்டுக்காரி வந்து கத்தினவ. புளி நீங்கள். சரி. பைப் ஆர்?"

பயத்தில் வந்த மறதியாக இருக்கலாம், யாருக்கும் வரும் என்று ஏதோ தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு மகனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "இவரிட்டைக் கேள்" என்று என் முன் வைத்தார். நான் திரும்பவும் முழுவதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை மிக மரியாதையாக, பாதி ஆங்கிலத்தில், "தாங்க் யூ அங்கிள். பட் அம்மாவுக்கு வயசாகுது, எப்பிடியும் ஒரு நாள் வரத்தானே வேணும்" என்றான்.

"அந்த நாளை நான் சொல்லுறன்" என்று மிஸி போனை வைத்தார். எங்களுக்குத் தேநீர் தரவில்லை. கதவடிக்கு வந்து என் மனைவியின் கையை மட்டும் பிடித்தார்.

அவர் சவுத்தாலுக்குப் போகவில்லை. பிளாற்றில்தான் இருக்கிறார். சாவியை வாங்கிக்கொண்டு மீண்டும் அந்தச் சிறிய அறைக்கு வருகிறார். நான் விலகிவிடலாம் என்று பார்த்தேன். மனைவி விடவில்லை, "ஓடி ஒளிக்காமல் போய் அவவின்ர கண்ணுக்கு முன்னால இருங்கோ" என்றாள். போகிறேன்.

மிஸிக்கு என்னோடு சண்டை இல்லை. கேட்டால் பதில் சொல்வார். ஆனால் முன்பு இல்லாத ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒரு பொருளைச் செய்து முடித்தால் அதை எடுத்துக்கொண்டு வந்து யாரிடமாவது காட்டி, "நான் இதைச் சரியாத்தானே செய்தனான்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். யாரும் அப்படிக் காட்டச் சொல்லவில்லை. போன செவ்வாய் அந்த அருங்காட்சியக வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். சீனிக் கிண்ணத்து இடுக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"சரியா இருக்கு மிஸி" என்றேன்.

தலையாட்டினார். இடுக்கியைத் துணியில் வைத்துக்கொண்டு, பொறுப்பாளர் வரும்வரை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார்.