அக்கா சொன்ன ஏழு மணி

பேருந்து நிலையத்தில் விசாரணை அறை என்று ஒன்று இருக்கிறது. அறை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு மின்விசிறி, எதிரே அரைவட்டமாக ஓட்டை போட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் அக்கா இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, எங்கே இறங்கி மாற வேண்டும், எல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருக்கும். தாளைப் பார்த்து அவள் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். பாறை வளைவுக்கு எந்த பஸ்? எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது அந்தப் பெரிய பாறை. அலை அறுத்து அறுத்து நடுவில் வாசல் விழுந்து, மூன்று மாடி உயரத்துக்கு வளைந்து நிற்கிறது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படம் எடுப்பது யாருக்கும் கிடைக்கும். கடல் நன்றாக உள்வாங்கும் சில நாட்களில் மட்டும் அந்த வாசலின் அடியில் மணல் தெரியும். ஒரு மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. அதற்குள் நடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிவிட வேண்டும். பிறகு தண்ணீர் ஏறிவிடும், காவல்காரர் கயிறு கட்டிவிடுவார்.

அந்த நாட்களை எழுதி ஒட்டச் சொல்லி அக்காவை யாரும் கேட்கவில்லை. அவளாகவே துறைமுக அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, நேரத்தைக் கேட்டு, மாதாமாதம் அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவாள். "படி நானூத்திப் பன்னெண்டு இருக்கு, செருப்பைக் கையில எடுத்துக்குங்க, அந்தப் பக்கம் போயிட்டா காத்து வேற மாதிரி இருக்கும்" என்று நேரில் பார்த்தவள் மாதிரியே சொல்வாள். உண்மையில் அவள் போனதே இல்லை. திரும்பி வருகிறவர்களிடம் வாயைக் கிளறி வாங்கிய விவரம் அது.

"ஊரையே அனுப்பி வைக்கிறேன்டா. ஒரே ஒரு தடவை அதுக்குள்ள நானும் நடந்து போகணும்" என்று வருடத்துக்கு நாலு முறையாவது என்னிடம் சொல்வாள். அவளுக்கு வார விடுமுறை புதன்கிழமை. கடலுக்கு அது தெரியாது. எப்போதாவது இரண்டும் ஒத்துவந்தால் அத்தானால் கடையை அடைக்க முடியாது, அல்லது மகளுக்குப் பரீட்சை வந்துவிடும். நீ மட்டும் போய்விட்டு வாயேன் என்றால், "குடும்பத்தை விட்டுட்டு நான் மட்டும் போய் என்னத்தைப் பார்க்கிறது" என்பாள்.

இந்த வருடம் எல்லாம் கூடிவந்தது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை மணல் தெரியும். நர்ஸிங் படிக்கும் மகள் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அத்தானும் கடையை அடைக்கச் சம்மதித்தார். நான் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். முதலாளியிடம் தலையைச் சொறிந்து ஒரு நாளைக்கு வேனைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

இங்கே எங்கள் குடும்பத்தின் ஒரு அசிங்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கே நேரம் சொல்கிற அக்காவின் வீட்டில் எவனும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டான். நான் உட்பட. கல்யாணமான புதிதில் அவள் கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஏழு என்று சொல்வாள். இரண்டு வருடம் அது வேலை செய்தது. அப்புறம் அத்தான் கண்டுபிடித்துவிட்டார். அக்கா ஏழு என்றால் அது எட்டு என்று எங்கள் எல்லோருக்கும் பழகிப்போனது. நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் எட்டுக்கு எல்லோரும் வந்து நிற்பதால், யாரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருபது வருடம் ஓடிவிட்டது.

வளைவுக்குப் போகிற அன்றைக்கும் ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றுதான் சொன்னாள். நான் ஏழு ஐம்பதுக்கே போய்விட்டேன். பத்து நிமிடம் முன்னதாக. அந்தப் பெருமையில் ஹாரன் வேறு அடித்தேன்.

அக்கா தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏழுன்னு சொன்னேன்ல."

"ஆமாக்கா. அதான் எட்டுக்கு முன்னாடியே வந்துட்டேனே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளேயிருந்து அத்தான் கன்னத்தில் சோப்பு நுரையோடு எட்டிப்பார்த்தார். "என்ன மச்சான், இன்னைக்கு நீ முந்திக்கிட்ட. எட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கே."

"இன்னைக்கு ஏழுன்னா ஏழுதான்" என்றாள் அக்கா. குரல் எழும்பவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்ககிட்ட காலையில இருந்து எத்தனை தடவை சொன்னேன். இந்த ஒண்ணுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்னு, உள்ளதை உள்ளபடி சொன்னேன்."

"நீ எப்பவும் சொல்றதைத்தான் சொல்றேன்னு நினைச்சேன். முன்கூட்டியே தெளிவாச் சொல்றதுக்கென்ன?" என்று அத்தான் கேட்டார். முகம் கழுவக்கூட அவர் அவசரப்படவில்லை. எனக்கே அவர் மேல் ஆத்திரம் வந்தது. என் மேல் வர வேண்டியதும் சேர்ந்து அவர் மேலேயே வந்தது.

எட்டு பத்துக்குக் கிளம்பினோம். மகள் ஈரத் தலையோடு ஏறினாள். அக்கா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் கடிகாரத்தைப் பார்த்தாள். வேகமாகப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்கு எரிந்து விழ ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அத்தான் இறங்கி டீ வாங்கப் போனார். கேட் திறந்தது, பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன, அவர் நாலு பேப்பர் கப்பையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்.

"பதறாதீங்கப்பா, கடல் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார்.

"கடல் போகாது. தண்ணி வந்துரும்" என்றாள் அக்கா.

அவள் அந்த டீயைக் குடிக்கவில்லை. வண்டி ஓடும்போதே ஜன்னல் வழியாகக் கொட்டினாள்.

பத்து பதிமூன்றுக்கு வண்டியை நிறுத்தினோம். படி தொடங்கும் இடத்திலேயே வளைவு தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிட அது பெரியது, மங்கலான செம்மண் நிறம். அடியில் மணல் காய்ந்து கிடந்தது. ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அக்கா ஒரு நொடி கூட நிற்கவில்லை. ஐம்பது வயதில் அவள் அப்படிப் படி இறங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நானும் மகளும் அவள் பின்னால் ஓடினோம்.

பாதிப் படி இறங்கியிருப்போம். மேலே இருந்து அத்தானின் குரல் வந்தது.

"ஏய், மூட்டு பிடிச்சுக்கிச்சு. யாராவது கை குடுங்க."

அவருக்கு மூட்டு வலி இருப்பது உண்மைதான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றிருந்தார். "நீ போக்கா, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். மகளும், "அம்மா, நீ ஓடு. நாங்க பின்னாடி வர்றோம்" என்றாள்.

அக்கா கீழே பார்த்தாள். மணலின் ஒரு ஓரம் ஈரமாக மின்ன ஆரம்பித்திருந்தது. போயிருந்தால் போயிருக்கலாம். ஆறு நிமிடம் போதும். "எல்லாரும் சேர்ந்து போறதுக்குத்தானே வந்தோம்" என்று அத்தான் மேலேயிருந்து சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி மேலே ஏறினாள். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டி வந்தாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. இப்படிப்பட்ட பெண்ணை வைத்துக்கொண்டு யார்தான் நேரத்துக்குக் கிளம்புவான்.

நாங்கள் மணலில் கால் வைத்தபோது காவல்காரர் கயிற்றின் இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தப் பக்கத்திலிருந்து கடைசி ஆட்கள் சிரித்துக்கொண்டே நனைந்து ஓடி வந்தார்கள்.

"ஒரு ரெண்டு நிமிஷம் விடுங்கண்ணே. அக்கா மட்டும் போய்த் தொட்டுட்டு வந்துரட்டும்" என்று கெஞ்சினேன்.

"போன மாசம் இப்படித்தான் ஒருத்தரை விட்டு, படகு கொண்டாந்து தூக்க வேண்டியதாப் போச்சு. முடியாதுங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்து மனசு இளகிப்போய், "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன்.

"அட, அங்க பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சிருந்தா நேரம் சொல்லியிருப்பாங்களே. ஒரு அம்மா இருக்காங்களாம். நிமிஷம் பிசகாம சொல்வாங்கன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"ஆமா, சொல்வாங்க" என்றாள் அக்கா.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறும் வரை நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்கவில்லை. அத்தான் ஒரு பாறையில் உட்கார்ந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டே, "நீ எப்பவும் போல ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நிமிடம் அவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளலாம் போல இருந்தது. மகள்தான், "அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். நாலு பேரும் சிரிக்கிற மாதிரி ஒரு படம் கூட இருக்கிறது.

திரும்பும் வழியில் பின்சீட்டில் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள் என்று நினைத்து, நான் மெதுவாகக் கேட்டேன். "அடுத்து எப்பக்கா இந்த மாதிரி தண்ணி இறங்கும்?"

"தெரியும்."

"எப்போ? சொல்லு. நான் இப்பவே முதலாளிகிட்ட வண்டிக்குச் சொல்லி வெச்சுடுறேன். ஏழுன்னா ஏழுக்கு நிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

பின்னால் அத்தான் தூக்கத்தில் இல்லை போலிருக்கிறது. மனைவி விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நான் பஸ்ஸுல போய்க்கிறேன்டா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.