எலிக்கு மஞ்சள் தடவிய வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவி பரமேஸ் ஒரு எலிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

பயப்படாதீர்கள், செத்த எலிதான். ஐஸில் வைத்து விற்கும் வெள்ளை எலி. அதாவது, மஞ்சள் தடவும்வரை வெள்ளை எலி.

"என்னாங்க, கொஞ்சம் உப்பும் போடவா?" என்று கேட்டாள்.

நானும் யோசித்துவிட்டு, "லேசா போடு" என்றேன்.

அதில் ஏதாவது தப்பு இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கோழியோ, ஆடோ, மீனோ… கவுச்சி என்று எது வீட்டுக்குள் வந்தாலும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவித்தானே நமக்குப் பழக்கம்!

சரி, எலி எதற்கு? பாம்புக்கு. பாம்பு எதற்கு? அதற்குத் தயாளனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தயாளன் பரமேசின் தம்பி. பெற்றோர் போனபிறகு அவனை வளர்த்தவள் இவள்தான். கண்டியில் செல்லப்பிராணிகள் விற்கும் கடையொன்றில் வேலை செய்தபோது, ஒரு சின்ன மலைப்பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தான். நம் காட்டுப் பாம்பு இல்லை. வளர்ப்பதற்கென்றே பிறந்த வெளிநாட்டு இனம், பரம சாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். ராசாத்தி என்று பெயர் வைத்தான். இந்த வருடம் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். ராசாத்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான்.

அதுவரை அவளுக்கு உயிருள்ள எலிதான் சாப்பாடு. நாங்களும் அப்படியே தொடர்ந்தோம். ஆனால் எங்கள் ஹட்டன் மலையில் மழை லேசுப்பட்டதா? போன மாதம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில், கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்த சூட்டு விரிப்பு வேலை செய்யவில்லை. ராசாத்தி குளிரில் விறைத்துக் கிடந்தாள். வழக்கம்போல எலியை உள்ளே விட்டோம். அவள் எலியைச் சாப்பிடவில்லை — எலி அவளைச் சாப்பிடப் பார்த்தது! கண்ணுக்கு ஒரு நூல் கீழே கடித்துவிட்டது.

கண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். மருந்து போட்ட அவர், இனிமேல் உயிருள்ள எலி கூடாது, ஐஸ் எலிக்குப் பழக்குங்கள், அடுத்த கடி கண்ணிலேயே விழலாம் என்று சொல்லிவிட்டார். காயம் ஆறிவிட்டது. ராசாத்திதான் எதையும் தொடவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இதற்குமேல் பட்டினி தாங்கமாட்டாள் என்று வைத்தியரும் சொன்னார்.

"தம்பி என்னைய நம்பி விட்டுட்டுப் போயிருக்கான். இது செத்துக்கித்துப் போச்சுன்னா அவன் மூஞ்சில எப்புடிங்க முழிப்பேன்?" என்று பரமேஸ் அழுதாள். பாம்பென்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள் அவள்!

அந்தக் கவலையில்தான் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் எலி தயாரானது. ராசாத்தி நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொழம்புல உப்பு இல்லன்னா நீங்க இப்புடித்தான் திரும்புவீங்க" என்றாள் பரமேஸ். பாம்பு பட்டினி கிடந்தால் அதற்கும் நான்தான் திட்டு வாங்க வேண்டுமா?

தயாளனை வீடியோ காலில் கூப்பிட்டோம்.

"மஞ்சளா? அக்கா… மஞ்சளா போட்டீங்க?" விழுந்து விழுந்து சிரித்தான். கட்டாருக்குப் போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அவளுக்கு எலின்னா எலியா மணக்கணும்க்கா. கழுவாதீங்க. பையில போட்டுக் கட்டி சுடுதண்ணியில வைங்க. நல்லா சூடு ஏறுனதும் இடுக்கியில புடிச்சு, உசுரோட இருக்க மாதிரி ஆட்டிக் காட்டுங்க."

நேற்று மத்தியானம் மறுபடி முயன்றோம். போனில் தயாளன் பார்த்துக்கொண்டிருந்தான். இடுக்கி என் கையில். ஆட்டுவதற்கு நான் தனியாக மெனக்கெடவில்லை, குளிரிலும் பயத்திலும் கை தானாகவே ஆடியது.

பரமேஸ் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "தின்னுடி தங்கம்… ஒரு வாய்டி…" ராசாத்தி இன்னும் இறுக்கமாகச் சுருண்டாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய போங்க" என்றான் தயாளன். "மச்சான் மட்டும் நிக்கட்டும்."

"ஏன்டா, ஒம் மச்சான் மனுசன் இல்லையா?"

"அவரு சும்மா நிப்பாருக்கா. நீங்க தின்னு தின்னுன்னு நிப்பீங்க. மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா எப்புடிக்கா எறங்கும்?"

தினமும் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது என்று கேட்டு, தட்டைக் காட்டச் சொல்லிப் பார்ப்பவள் பரமேஸ். தட்டில் பாதி மிச்சமிருந்தால் அவனுக்குத் திட்டு விழும். மெதுவாக எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் எலியோடு நின்றேன். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுருள் கொஞ்சம் தளர்ந்தது, தலை வெளியே வந்தது… பட்டென்று ஒரு பாய்ச்சல்! இடுக்கியைப் போட்டுவிட்டு நான் கத்திய கத்தலில் பரமேஸ் ஓடி வந்தாள். எலியின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது?

நாம் சோறு போடுவதோடு விடுவதில்லை. அது தொண்டையில் இறங்குகிறதா என்று நின்று பார்ப்போம். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் சாப்பிடுகிறவனுக்குப் பசி மட்டும்தான் இருக்கும், நமக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

"தின்னுட்டாடா!" என்று பரமேஸ் போனைப் பார்த்துச் சொன்னாள். தயாளன் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேலைக்கு இடையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான் போல, மடியில் ஏதோ பார்சல் இருந்தது.

"நீ என்னா…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"சரி சாமி. நீ சாப்புடு. நா வைக்கிறேன்."

தட்டைக் காட்டச் சொல்லவில்லை.