மூன்றாம் மாடிக்கு மேலே ரப்பர் விரித்த கதை

வானம் லேசாகக் கறுத்தால் போதும், அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கால் தானாக மாடிப்படியைத் தேடும். அந்த மூன்று மாடி வணிகக் கட்டடத்தின் பராமரிப்பு ஒன்பது வருடமாக அவள் பொறுப்பு. கடைக்காரர்கள் அவளுக்கு 'மழைமானி அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவளும் சிரிப்பாள். ஆனால் காரணம் சிரிப்பதற்கானதல்ல. மூன்றாம் மாடியில் ஒரு தையல் கூடம். அவளுடைய தங்கைக்கு அங்கேதான் வேலை. மூன்று வருடம் முன்பு, தட்டையான கூரையில் தேங்கிய மழைநீர் விரிசல் வழியாக மின்கம்பிக் குழாய்க்குள் இறங்கியது. மெஷினைத் தொட்ட தங்கையை மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்றுவரை மரத்தே கிடக்கின்றன. தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தாலாவது இவள் மனசு ஆறியிருக்கும்.

அதன்பிறகும் கட்டட முதலாளி வருடாவருடம் தார்தான் ஊற்றினார். போன கோடையில் அவள் நேரே அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை தார் ஊத்திப் பாப்போமே?" என்றார் அவர்.

"கான்கிரீட் பகல்ல விரியுது, குளிர்ந்தா சுருங்குது சார். தார் அதோட சேர்ந்து நீளாது, வெடிச்சிடும். ரப்பர் ஷீட் நீளும், சுருங்கும். எடையும் கம்மி, நம்ம பழைய கட்டடம் தாங்கும்."

"டயர் மாதிரியா?"

"ஆமா சார். வெயில், மழைன்னு பாத்தா டயரை ஓட்டறோம்?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் சரி என்றும் சொல்லிவிட்டார்.

ரப்பர் மேஸ்திரி வந்தார். நான்கு நாள் வேலை. நெருப்பு இல்லை, புகை இல்லை. கீழே ஒரு மெஷினும் நிற்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி, தளத்தைக் காயவிட்டு, பசை பூசி அகல அகலமான ஷீட்டுகளை விரித்தார். ஓரம் மேல் ஓரம் ஏற்றி உருளையால் அழுத்தினார். கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு மடித்து ஏற்றினார். அவள் நிழல் மாதிரி பின்னாலேயே திரிந்தாள்.

"நீங்க கொஞ்சம் கீழ போனாத்தான் பசை காயும்கா" என்றார் மேஸ்திரி.

வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கூரையிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பெருமழை. தையல் கூடத்தில், துணி வெட்டும் மேசை மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ரப்பராம் ரப்பர்!" என்று கத்தினார் கூடத்துச் சூப்பர்வைசர்.

அவள் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். எல்லாரையும் வெளியே அனுப்பினாள். பிறகு கொட்டுகிற மழையில் மேலே ஏறி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்டி போட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனாள். எங்கும் நகம் நுழைய இடமில்லை. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்ணில் பட்டது ஒரு புதிய விளம்பரப் பலகை. அதன் இரும்புச் சட்டத்தை நான்கு போல்ட்டுகள் ரப்பரைத் துளைத்துப் பிடித்திருந்தன. தரைத்தளத்துச் செல்போன் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நட்டது.

"நாலே நாலு ஓட்டைதானேக்கா" என்று இழுத்தார் அவர்.

"கடையில இருக்கறதுலயே நல்ல போனை எடுங்க. நாலே நாலு ஓட்டை போட்டுத் தர்றேன்."

மழை விட்டதும் மேஸ்திரி வந்தார். சட்டத்தைக் கழற்றி, துளைகளை அடைத்து, ஈரம் போகத் துடைத்து, அதே ரப்பரில் வட்டமாக வெட்டிய ஒட்டுகளைப் பதித்து அழுத்தினார். அரைமணியில் முடிந்தது.

"எதுக்குக்கா மாடி முழுக்கத் தவழ்ந்தீங்க? ஷீட் முழுசா தளத்தோட ஒட்டியிருக்கு. தண்ணி அடியில அங்க இங்க ஓடாது. சொட்டுற இடத்துக்கு நேர் மேல பாத்திருந்தாப் போதுமே!"

பதற்றத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. முட்டி இரண்டும் சிராய்த்து எரிந்தன.

எலக்ட்ரீஷியன் வந்து சோதித்து, பயமில்லை என்றதும் எல்லாரும் கூடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆனாலும் மெயினைப் போட யாரும் கிட்டே போகவில்லை. தங்கை எழுந்தாள். மரத்த விரல்கள் இருக்கும் அந்தக் கையாலேயே ஸ்விட்சை ஏற்றினாள். ஒவ்வொருவராக மிதிக்க, நாற்பது மெஷின்களும் கடகடத்தன. சுவரோரமாக நின்றிருந்த அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் இடுப்பில். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் மூன்றாம் மாடியில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் அவள் தையல் கூடத்துக்கு வந்து அண்ணாந்து நிற்பாள்.

"போய் உக்காருக்கா. உன்னைப் பாத்தா எங்களுக்கு வேலை ஓடமாட்டேங்குது" என்பாள் தங்கை.

கீழே போய் உட்காருவாள். ஐந்து நிமிடம். அதற்கு மேல் முடியாது.