எதற்கெடுத்தாலும் ஒரு ஸாரி

இந்த ஊரில் என் காலை மிதித்தவனும் ‘ஸாரி’ என்கிறான். மிதிபட்ட நானும் ‘ஸாரி’ சொல்ல வேண்டியிருக்கிறது. வழிவிடு என்பதற்கு ஸாரி. நீ சொன்னது காதில் விழவில்லை என்பதற்கும் ஸாரி. கடையில் ரொட்டி தீர்ந்துபோனால் ஸாரி. ஆளோடு சண்டைக்கு வருவதைக்கூட ஒரு ஸாரி போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், இவர்கள் எவ்வளவு பணிவானவர்கள் என்று சங்கரன்கோவிலில் இருக்கும் அண்ணனுக்குப் பெருமையாக எழுதினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அங்கே அப்பா இறந்துபோன தந்தி வந்ததும், நான் வேலை பார்த்த பிஸ்கட் ஃபேக்டரியின் சூப்பர்வைசரிடம் ஓடினேன். “ஸாரி” என்றார். ஊருக்குப் போக லீவு கேட்டேன். அதற்கும் “ஸாரி” என்றார், அதே குரலில். பக்கத்து மெஷின்காரி “ஸாரி, லவ்” என்று தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். நம் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் இப்படியா செய்வார்கள்? பெண்கள் வந்த வேகத்தில் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் கையைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது ‘வாரேன்’ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரைப் பிடித்துக்கொண்டு அழுவது? ஊருக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறு வருஷம்தான் போக முடிந்தது. சாவுக்கு வராதவள் முதல் தடவை வரும்போது வாசலிலேயே அழ வேண்டும், அதுதான் முறை. என்னைக் கண்டதும் மதினி முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, “ஒங்கப்பாவ வாரிக் குடுத்துட்டோமே தாயி” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தெருப் பெண்களும் கூடிவிட்டார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“ஸாரி மதினி” என்றேன்.

மதினியின் அழுகை பாதியில் நின்றது. எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? “ஏட்டி, செத்தது ஒனக்கு அப்பாவா, அவளுக்கு அப்பாவா?” என்று கேட்டாள்.

“விடுங்க, அவ பாவம் களச்சுப் போயி வந்திருக்கா” என்ற அண்ணன், நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பிறந்த வீட்டில் எனக்கு நாற்காலி! திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இருந்த நாளெல்லாம் கண் வறண்டேதான் கிடந்தது.

இங்கே திரும்பிய வாரம், ஒரு கிழவர் கடையில் சாமான் எடுத்துப் போடும் தள்ளுவண்டியால் என் கணுக்காலில் இடித்துவிட்டார். “ஸாரி” என்றார். பதிலுக்கு நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “என்னப் பெத்த அப்பா, ஒங்க மொகத்தக் கடைசியாப் பாக்கலியே” என்று வந்தது. சோப்புத்தூள் பெட்டிகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். இடித்ததில் எலும்பு முறிந்துவிட்டது என்று பயந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார் கிழவர். சுற்றி நின்றவர்கள் ஸாரி, ஸாரி என்றார்கள். ஒருவரும் குனியவில்லை. அந்தத் தள்ளுவண்டியின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பாவுக்காக அழுது தீர்த்தேன்.