பச்சை ஜாக்கெட்டைக் காட்டினான்

செம்பாக்கத்தில் எனக்கு எதிர் வீடு கோகிலவாணி. ஐம்பது வயது. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் புடவை கசங்காது. ஆறு வருஷத்துக்கு முன் புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிரோடு வந்தாள். வந்த மறுவாரமே அவள் புருஷன் சம்பத், முதுகு வலி என்று படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அந்த வலி இன்னும் தீரவில்லை. பைக்கில் படப்பைக்கு வேலைக்குப் போய்வரும்போது மட்டும் வலிக்காது.

எங்கள் தெருவில் யாரும் டெய்லரிடம் நின்று உடம்பு அளவு கொடுப்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து இதே மாதிரி தை என்போம். கோகிலவாணி கொடுப்பது ஆப்பரேஷனுக்கு முந்தைய ஜாக்கெட். டெய்லர் குல்ஷன் அதே அளவுக்குத் தைத்து, இடது பக்கம் பஞ்சு வைத்து மூடித் தருவாள். அந்தப் பஞ்சு எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

போன தை மாசம், மாடியில் குடியிருக்கிற வினிதா, பெண்கள் போட்ட ஜாக்கெட்டுகளை வாங்கித் தாம்பரத்தில் ஒரு ஹாலில் கண்காட்சி வைத்தாள். ஓவியம் படிக்கிற பெண். வெட்கப்பட்டு நாம் மறைக்கிற உடம்பை நம் ஜாக்கெட்டே சொல்லுமாம், பேர் போடமாட்டாளாம். நானும் ஒன்று கொடுத்தேன். எனக்கு ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருக்கும். இந்த வயதில் மறைத்து யாரை மயக்கப்போகிறேன்.

கோகிலவாணி நாலு நாள் யோசித்தாள். பிறகு மகள் கல்யாணத்துக்குப் போட்ட மாம்பழ நிறப் பட்டு ஜாக்கெட்டில் பஞ்சைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொடுத்தாள். இதைப் போய் ஏண்டி கொடுக்கிறாய் என்று திட்டினேன்.

"அவரு வந்து பாக்கட்டும் ஆயா. என்னைத்தான் பாக்க மாட்றாரு. இத்தையாவது ஒரு தபா பாக்கட்டும்."

மூன்று நாள் கண்காட்சி. இரண்டு நாள் சம்பத்துக்கு வேலை. மூன்றாம் நாள் நானும் கோகிலவாணியும் ஹாலில் இருந்தபோது கூட்டாளி குமரேசனோடு வந்தான். பதினோரு ஜாக்கெட் தொங்கின, ஒவ்வொன்றுக்கும் பின்னால் விளக்கு. மாம்பழ நிறத்தில் இடது பக்கம் மட்டும் தொய்ந்து கிடந்தது. புதுக் கூட்டாளிக்கு ஒன்றும் தெரியாது. உன் வீட்டம்மாவுடையது எது என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

சம்பத் மாம்பழ நிறத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு கோடியில் தொங்கிய பச்சை ஜாக்கெட்டைக் காட்டினான். இரண்டு பக்கமும் நிறைந்தது. குல்ஷனுடையது.

"அந்தப் பச்சை. இன்னா, அதானே?" என்று கோகிலவாணியையே கேட்டான்.

"ஆமாங்க, அதான்" என்றாள்.

எனக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடங்கினேன். திரும்பும் பஸ்ஸில் மாம்பழ நிற ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேம்ப் ரோடு வரை வந்தாள். அதற்கப்புறம் அழுதாள். கண்டக்டர்கூட டிக்கெட் கேட்காமல் நகர்ந்துபோனான்.

மறுநாள் காலையில் குல்ஷன் கடைக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். குல்ஷன் வழக்கம்போல் அளவு ஜாக்கெட்டுக்குக் கை நீட்டினாள். இவள் எதுவும் கொண்டுவரவில்லை. திரையை இழுத்துவிட்டு முந்தானையை இறக்கி, போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

"டேப்பை எடு குல்ஷன். இப்ப கீற ஒடம்புக்குத் தை. பஞ்சு வாணாம்."

வலது பக்கம் அளந்து சீட்டில் எழுதினாள் குல்ஷன். தழும்பின் மேல் டேப் பட்டதும் கோகிலவாணிக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"வலிக்குதாக்கா?"

"இல்லடி. அங்க ஒரு கை பட்டு ஆறு வருசமாச்சு."

குல்ஷன் அளந்து முடித்தும் கையை எடுக்கவில்லை.